பில் மன்ரோவின் மாண்டலின்: வலது கை பிடிலிலிருந்து, இடது கை கிதாரிலிருந்து

நம் ஊரில் மாண்டலின் என்றால் உ. ஸ்ரீநிவாஸ்தான். அவர் கையில் இருந்தது மின்சார மாண்டலின். ஜோடித் தந்திகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்திகள் போட்டது. பின்னாளில் ஐந்தாவது தந்தியும் சேர்ந்தது. ஒற்றைத் தந்தி இருந்ததால்தான் இழுக்கவும் வழுக்கவும் கமகம் பிடிக்கவும் முடிந்தது. ஒலிபெருக்கி இருந்ததால் மீட்டிய நாதம் கொஞ்சம் நின்றது.

அந்தக் காதோடு பில் மன்ரோவைக் கேட்டால் இது வேறு ஏதோ வாத்தியம் என்று தோன்றும். புளூகிராஸ் என்ற அமெரிக்கக் கிராமிய இசையில் வாசிக்கும் மாண்டலினில் எட்டுத் தந்திகள், நான்கு ஜோடிகளாக இருக்கும். ஜோடியை இழுத்தால் இரண்டு தந்தியும் ஒரே அளவு ஏறாது, சுருதி கலைந்து கரகரக்கும். நாதம் மீட்டிய கணத்திலேயே அடங்கத் தொடங்கிவிடும். மின்சாரமும் கிடையாது. பக்கத்தில் பாஞ்சோ, பிடில், கிதார், ஆளுயர டபுள் பாஸ் என்று சுற்றி நிற்கும் வாத்தியங்களில் பெரும்பாலானவை மாண்டலினைவிடச் சத்தமானவை. இத்தனை குறைகளோடு இருக்கும் வாத்தியத்தை ஒரு குழுவின் நடுவில் நிறுத்தி, அந்தக் குழுவின் பெயரையே ஓர் இசை வகைக்குப் பெயராக்கியவர் மன்ரோ. அவர் பாணியைப் பிரித்துப் பார்த்தால் அதில் மாண்டலின்காரர்களிடமிருந்து வந்தது மிகக் குறைவு. வலது கை ஒரு பிடில்காரரிடமிருந்தும், இடது கையில் பாதி ஒரு கிதார்காரரிடமிருந்தும் வந்தது. குழுவில் இல்லாத டிரம்ஸின் வேலையும் அந்த வாத்தியத்தின் தலையில்தான் விழுந்தது.

மன்ரோ 1911 செப்டம்பர் 13 அன்று கென்டக்கி மாநிலத்தின் மேற்கே ரோசின் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பிறவியிலேயே ஒரு கண் உள்நோக்கித் திரும்பியிருந்தது, பார்வையும் மங்கல். காதை நம்பி வளர்ந்த பிள்ளை என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வது இதனால்தான். தாய் மலிஸா பிடில் வாசிப்பார், பாடுவார். அண்ணன் பர்ச் பிடிலையும் இன்னொரு அண்ணன் சார்லி கிதாரையும் எடுத்துக்கொண்டதால், கடைசித் தம்பிக்கு யாரும் விரும்பாத மாண்டலின் மிஞ்சியது. சத்தம் அதிகம் வரக்கூடாது என்று எட்டுத் தந்திகளில் நான்கைக் கழற்றிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள் என்று மன்ரோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மாண்டலின் கௌரவமான வரவேற்பறை வாத்தியம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஊருக்கு ஊர் மாண்டலின் இசைக்குழுக்கள் இருந்தன. மெல்லிய ட்ரெமொலோவில் (ஒரே சுரத்தை மிக வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டி நீட்டுவது) இத்தாலிய மெட்டுகளும் மேடை நாட்டியப் பாடல்களும் வாசிப்பார்கள். 1920களில் அந்த மோகம் வடிந்துவிட்டது. ரோசினில் மன்ரோவுக்கு முன்னால் முன்மாதிரியாக ஒரு பெரிய மாண்டலின் வித்வான் யாரும் இல்லை. இருந்திருந்தால் அவர் பாணியே வேறாகியிருக்கும்.

மன்ரோவுக்குப் பத்து வயதானபோது தாய் இறந்தார். பதினாறு வயதில் தந்தையும் போனார். அண்ணன்கள் வேலை தேடி வடக்கே போய்விட, தாய்மாமன் பென்டில்டன் வாண்டிவர் வீட்டில் வந்து தங்கினார். எல்லாருக்கும் அவர் 'அங்கிள் பென்'. பிடில்காரர், ஊர் நடனங்களுக்கு வாசிப்பவர். மாமன் பிடில் வாசிக்க, மருமகன் கிதாரில் தாளம் பிடிக்க, இருவரும் கோவேறு கழுதையில் ஏறி ஊர் ஊராக நடன வீடுகளுக்குப் போனார்கள்.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்ப விஷயம். பிடிலுக்கும் மாண்டலினுக்கும் சுருதி ஒன்றே: கீழிருந்து ஜி, டி, ஏ, இ. நம் கணக்கில் ஒவ்வொரு தந்திக்கும் அடுத்ததற்கும் ஸ-ப தூரம். தந்தியின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. பிடிலில் சுமார் 33 செ.மீ., மாண்டலினில் சுமார் 35 செ.மீ. எனவே பிடில் மெட்டை விரலுக்கு விரல் அப்படியே மாண்டலினுக்கு மாற்றிவிடலாம். மாற்ற முடியாதது வில். பிடில்காரர் ஒரே வில்லில் ஒரு சுரத்தை நீட்டலாம், நடுவில் அழுத்தம் கூட்டலாம், வில்லைக் குலுக்கி நடன அடியைக் கொடுக்கலாம். மாண்டலினில் ஒரு மீட்டுக்கு ஒரு சுரம், அதோடு சரி.

மற்றவர்கள் இந்த இடைவெளியை ட்ரெமொலோவால் நிரப்பினார்கள். மன்ரோ வில்லின் குலுக்கலையே மீட்டுகளாக மாற்றினார். நீண்ட சுரம் வரும் இடத்தில் அதே சுரத்தைத் தாள அடியோடு திரும்பத் திரும்ப மீட்டுவார். பக்கத்துத் திறந்த தந்தியையும் சேர்த்து ஒலிக்கவிடுவார். பழைய பிடில்காரர்கள் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுக்கும் அதே பழக்கம் இது. மெட்டின் ஒவ்வொரு சுரத்தையும் துல்லியமாகச் சொல்வதைவிட நடனக்காரர் கால் வைக்கும் இடத்தைச் சொல்வதுதான் அவருக்கு முக்கியம். இதைப் பிடித்துக்கொண்டால் அவருடைய ஒலிப்பதிவுகளில் 'பிசிறு' போலக் கேட்பவற்றில் பெரும்பகுதிக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

இரண்டாவது ஆசான் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ். 1886இல், ரோசின் இருக்கும் அதே ஒஹையோ கவுண்டியில் (மாவட்டம்) பிறந்த கறுப்பினக் கலைஞர். நிலக்கரிச் சுரங்க வேலைக்கு நடுவே கிதாரும் பிடிலும் வாசித்தவர். வெள்ளையர் நடனங்களுக்கும் அவரை அழைத்தார்கள். மன்ரோ காசு வாங்கி வாசித்த முதல் நடனம் ஷுல்ட்ஸோடுதான். ஷுல்ட்ஸ் 1931இல் இறந்தார். ஒரு ஒலிப்பதிவுகூட இல்லை. ஆனால் கட்டைவிரலால் பாஸ் தந்தியையும் மற்ற விரல்களால் மெட்டையும் வாசிக்கும் அவருடைய கிதார் முறை கென்னடி ஜோன்ஸ், மோஸ் ரேகர் என்ற கிதார்காரர்கள் வழியாக மெர்ல் டிராவிஸ் வரை வந்தது. அமெரிக்க கிதார் வரலாற்றில் அது தனிக் கிளை. பதிவே இல்லாத ஒருவர் இரண்டு பெரிய பாணிகளுக்கு வேராக இருப்பது அபூர்வம். அவர் பெயர் பொது நினைவுக்கு வர இத்தனை காலம் பிடித்ததற்கு நிறமும் ஒரு காரணம் என்பதை மழுப்பத் தேவையில்லை.

ஷுல்ட்ஸிடமிருந்து வந்தது புளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசை. ஜி சுருதியில் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். ஜி-தான் ஸட்ஜம். ஏ ஜோடியில் 1ஆம் ஃப்ரெட் சாதாரண காந்தாரம், 2ஆம் ஃப்ரெட் அந்தர காந்தாரம் (ஃப்ரெட் என்பது வீணையின் மெட்டுக்குச் சமம்). வழக்கமான நாட்டுப்புற மெட்டில் அந்தர காந்தாரம் மட்டும் வரும். மன்ரோ 1இல் அழுத்தி, மீட்டிய உடனே 2க்கு வழுக்குவார். சில இடங்களில் 1இலேயே நின்றுவிடுவார், பின்னால் கிதார் அந்தர காந்தாரம் உள்ள கார்டைப் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்திருந்தாலும் சரி. இ ஜோடியில் 1ஆம் ஃப்ரெட் கைசிகி நிஷாதம். சொற்றொடர் முடிவில் ஸட்ஜத்துக்குப் போகும் வழியில் காகலியைத் தொடாமல் இதைத் தொட்டுவிட்டு ஏறுவார். இந்த இரண்டு சுரங்களும் சரியான இடத்தில் வராவிட்டால், எத்தனை வேகமாக வாசித்தாலும் அது மன்ரோ பாணி ஆகாது. ஜோடித் தந்தியை இழுக்க முடியாது என்று மேலே சொன்னோம். அதனால்தான் அவர் கிதார்காரரின் இழுப்பை வழுக்கலாக மாற்றிக்கொண்டார்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, கிராமத்துத் தேவாலயங்களில் சுரத்துக்கு ஒரு வடிவம் என்று எழுதிய குறிப்பை வைத்து நான்கு குரலில் பாடும் வழக்கம். அது மாண்டலினைவிடக் குரலில்தான் அதிகம் தெரியும். நான்காவதாக ஜிம்மி ராஜர்ஸ் என்ற பாடகர். அவருடைய புளூ யோடெல் வரிசையின் எட்டாம் பாடல்தான் 'மியூல் ஸ்கின்னர் புளூஸ்'. மன்ரோவின் தொழில் வாழ்க்கையில் அது திரும்பவும் வரும்.

1929இல் அண்ணன்களைப் பின்தொடர்ந்து இண்டியானா மாநிலத்தின் வடமேற்கு மூலைக்கு வந்து, சின்க்ளேர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் கழுவும் வேலையில் சேர்ந்தார். வார இறுதிகளில் நடனம், வானொலி. 1934இல் வேலையை விட்டுவிட்டு சார்லியோடு சேர்ந்து 'மன்ரோ பிரதர்ஸ்' என்ற பெயரில் முழுநேரத் தொழிலில் இறங்கினார். புரவலர், மலமிளக்கி உப்பு விற்கும் நிறுவனம். அக்காலத்து அமெரிக்கக் கிராமிய வானொலியை வாழவைத்ததில் மருந்து வியாபாரிகளுக்கு நல்ல பங்கு உண்டு. அயோவா, நெப்ராஸ்கா, பிறகு வட, தென் கரோலினா என்று வானொலி நிலையத்துக்கு நிலையம் மாறினார்கள். 1936 பிப்ரவரி 17 அன்று ஷார்லட் நகரில் விக்டர் நிறுவனத்தின் புளூபேர்ட் முத்திரைக்கு முதல் ஒலிப்பதிவு நடந்தது. பிரிவதற்குள் 60 பாடல்கள் பதிவாயின.

சகோதரர் இரட்டையர் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். கிதாரும் மாண்டலினும் வைத்துக்கொண்டு மெதுவாக, இனிமையாகப் பாடுவார்கள். மன்ரோ சகோதரர்கள் அந்த அளவில் ஓர் அவசரக் கூட்டம். வேகம் மற்றவர்களைவிட அதிகம், சுருதியும் ஒரு படி மேலே, இரண்டு சரணங்களுக்கு நடுவில் மாண்டலின் பாய்ந்து வரும். பின்பாட்டு வாத்தியமாக இருந்தது தனி வாத்தியமாகத் தலைதூக்கியது இங்கேதான். அப்போது அவர் கையில் இருந்தது கிப்ஸன் நிறுவனத்தின் எஃப்-7 மாண்டலின்.

1938இல் சகோதரர்கள் பிரிந்தார்கள். மன்ரோ அர்கன்ஸாஸில் ஒரு குழு தொடங்கி, அது நிற்காமல் போய், அட்லாண்டாவில் இன்னொன்றைத் தொடங்கினார். கென்டக்கிக்குப் 'புளூகிராஸ் மாநிலம்' என்று செல்லப்பெயர் இருப்பதால் குழுவுக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், ரோசின் இருப்பது புளூகிராஸ் புல்வெளிப் பகுதியில் அல்ல, மேற்கே நிலக்கரி பூமியில். 1939 அக்டோபர் 28 அன்று நாஷ்வில்லின் கிராண்ட் ஓலே ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில் முதல் முறை மேடையேறிப் பாடியது 'மியூல் ஸ்கின்னர் புளூஸ்'. அந்த நிகழ்ச்சியை ஒலிபரப்பிய டபிள்யூ.எஸ்.எம். நிலையம் 50,000 வாட் திறன் கொண்டது. சனிக்கிழமை இரவில் அதில் பாடினால் கிழக்கு அமெரிக்காவில் பாதிக்குக் கேட்கும். மற்ற நாட்களில் சொந்தக் கூடாரத்தோடு ஊர்ப்பயணம். கூடவே ஒரு பேஸ்பால் அணியையும் வைத்திருந்தார். கூட்டம் சேர்க்க உள்ளூர் அணியோடு மாலையில் ஆட்டம், இரவில் கச்சேரி.

குழு உடனே உருப்பெற்றுவிடவில்லை. 1945 பிப்ரவரியில் கொலம்பியா நிறுவனத்துக்குச் செய்த பதிவில் சாலி ஆன் ஃபாரெஸ்டரின் அக்கார்டியன் இருக்கிறது. 'அசல் புளூகிராஸில் அக்கார்டியனா?' என்று இன்று முகம் சுளிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதே பதிவில்தான் 'புளூ கிராஸ் ஸ்பெஷல்' என்ற 12 தாளக்கட்டு புளூஸ் வாத்திய உருப்படியும் வருகிறது. ஷுல்ட்ஸின் பாடம் மாண்டலினில் எப்படி நிற்கிறது என்று கேட்க நல்ல இடம் அது.

அந்த ஆண்டு கிதாருக்கும் முன்னணிக் குரலுக்கும் லெஸ்டர் ஃபிளாட் வந்தார். டிசம்பரில் வட கரோலினாவிலிருந்து ஏர்ல் ஸ்கரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு வந்தார். சப்பி வைஸ் பிடில், ஹோவர்ட் வாட்ஸ் பாஸ். 1946 செப்டம்பர் 16, 17 தேதிகளில் சிகாகோவில் இந்த ஐவரும் செய்த பதிவுகளும் 1947 அக்டோபர் பதிவுகளும்தான் இன்று 'மரபு புளூகிராஸ்' என்பதன் இலக்கணம்.

ஐந்து வாத்தியங்களில் மாண்டலினுக்கு என்ன வேலை? யாரும் தாள வாத்தியம் வாசிக்காத குழு அது. ஒரு வேகமான உருப்படியில் பாஸ் நிமிடத்துக்கு 150 முறை மீட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாஸ் அடிகளுக்குச் சரியாக நடுவில் மாண்டலின் ஒரு வெட்டு வெட்டும். அதற்கும் நிமிடத்துக்கு 150. இந்த வெட்டுக்குப் பெயர் 'சாப்'. டிரம்ஸ் வாசிக்கும் குழுவில் ஸ்நேர் டிரம் எந்த இடத்தில் விழுமோ அந்த இடம். மூன்று அடி வால்ட்ஸ் தாளமாக இருந்தால் முதல் அடி பாஸுக்கு, இரண்டும் மூன்றும் சாப்புக்கு. பாஞ்சோவின் உருளும் சுரங்கள் காற்றில் மிதந்துவிடாமல் ஆணி அடித்து நிறுத்துவது இதுதான். அதனால் குழுவின் வேகத்தை உண்மையில் கையில் வைத்திருப்பவர் மாண்டலின்காரர். குழுத்தலைவரே அந்த இடத்தில் இருந்தது தற்செயல் அல்ல.

ஜி கார்டின் சாப்: கீழ் ஜோடியிலிருந்து (தடித்த ஜி தந்திகள்) மேலாக 7, 5, 2, 3 ஆகிய ஃப்ரெட்டுகள். சுரமாகச் சொன்னால் ப, ஸ, க, ஸ. சுண்டுவிரல் 7இல், மோதிரவிரல் 5இல், ஆள்காட்டி 2இல், நடுவிரல் 3இல். திறந்த தந்தி ஒன்றுகூட இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம். எல்லாத் தந்தியும் விரலுக்கடியில் இருந்தால்தான் நினைத்த கணத்தில் ஒலியை நிறுத்த முடியும். அப்படியே இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளினால் ஏ கார்ட், நான்கு தள்ளினால் பி.

செய்யும் விதம் இது. பிக் (மீட்டும் தகடு) நான்கு ஜோடிகளையும் ஒரே வீச்சில், கீழ் ஜோடிகளில் கொஞ்சம் அழுத்தமாக, மேலிருந்து கீழாகக் கடக்க வேண்டும். கடந்த கணத்தில் இடது கை விரல்கள் அழுத்தத்தை விட வேண்டும், ஆனால் தந்தியைத் தொட்டபடியே இருக்க வேண்டும். விரலை முழுக்கத் தூக்கினால் திறந்த தந்திகள் முனகும். அழுத்தத்தைத் தாமதமாக விட்டால் கார்ட் ஒலித்துக்கொண்டே இருந்து பாஸின் அடுத்த அடியை மூடும். முன்கூட்டியே விட்டால் சுரமே இல்லாத வெறும் 'டக்'. புதியவர்கள் சிக்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில். சத்தம் வருகிறது என்று திருப்தியாகிவிடுவார்கள், கார்டின் பெயர் யாருக்கும் கேட்காது. 2இலிருந்து 7 வரை விரியாத சிறிய கைகளுக்கு கீழ் ஜோடியை விட்டுவிட்டு மூன்று ஜோடிகளில் பிடிப்பது போதும். பஞ்சமம் போனாலும் ஸட்ஜமும் காந்தாரமும் இருக்கின்றன. ஆனால் விட்ட ஜோடியை பிக் தொடாமலோ, மோதிரவிரலின் நுனி உரசி அடக்கியோ வைக்க வேண்டும்.

வலிமையைத் தோளிலிருந்து எடுக்கக்கூடாது. மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 150 சாப் என்பது பெரிய வேகமில்லை. தனி வாசிப்பில் அதே உருப்படியில் ஒரு பாஸ் அடிக்கு நான்கு சுரம், அதாவது நிமிடத்துக்கு 600, விநாடிக்குப் பத்து. அந்த வேகத்தில் கீழ்மீட்டும் மேல்மீட்டும் மாறி மாறித்தான் வரும். ஆனால் மன்ரோ நடுத்தர வேகத்தில், மற்றவர்கள் மாற்றி மீட்டும் இடங்களில்கூட, அடுத்தடுத்துக் கீழ்மீட்டாகவே அடுக்குவார். கீழ்மீட்டில் பிக்கோடு கையின் கனமும் இறங்கும், மேல்மீட்டில் இறங்காது. எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் விழுவதால் ஒரு தள்ளுமுள்ளு உண்டாகும். அந்த உந்துதலுக்காகத்தான் அவர் சிரமப்பட்டார்.

இன்னொரு விஷயம் சுருதி. பழைய நாட்டுப்புறக் குழுக்கள் ஜி, சி, டி, ஏ என்று திறந்த தந்தி உதவும் சுருதிகளில் வாசித்தன. மன்ரோவின் குரல் மேலே நிற்கும் குரல். அதற்காகக் குழுவை பி ஃபிளாட், பி, இ என்று இழுத்துப் போனார். கிதாருக்கும் பாஞ்சோவுக்கும் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) போட்டுக்கொள்ளலாம், மாண்டலினுக்கும் பிடிலுக்கும் அந்த வழக்கம் இல்லை. மாண்டலினில் திறந்த தந்தி இல்லாத பிடிகள் ஏற்கெனவே கையில் இருந்ததால் அவர் தப்பினார். பிடில்காரர்கள்தான் திண்டாடினார்கள்.

இந்த வேலைக்கு எல்லா மாண்டலினும் பொருந்தாது. 1940களின் நடுவில் ஃபுளோரிடாவில் மயாமியின் முடிதிருத்தும் கடை ஒன்றில் விலைக்கு வைத்திருந்த கிப்ஸன் எஃப்-5 மாண்டலினை மன்ரோ 150 டாலருக்கு வாங்கினார். வரிசை எண் 73987, உள்ளே லாயிட் லோர் கையெழுத்திட்ட தேதி 1923 ஜூலை 9. லோர் கிப்ஸன் நிறுவனத்தின் ஒலியியல் வல்லுநர். 1922இல் வந்த எஃப்-5 வரவேற்பறை இசைக்குழுக்களுக்காகச் செய்தது. அந்தக் குழுக்களோ மறைந்துகொண்டிருந்தன. வாத்தியம் விற்கவில்லை, 1924 முடிவில் லோரும் போய்விட்டார். இருபது ஆண்டு கழித்துத்தான் அதற்கு ஏற்ற இசை பிறந்தது.

வாத்தியத்தின் மேல்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள். பலகையை வளைத்து ஒட்டாமல், பிடிலைப் போலக் குடைந்து செதுக்கியிருப்பார்கள். நடுவில் வட்டத் துளைக்குப் பதிலாக இருபுறமும் எஃப் வடிவத் துளைகள், உள்ளே மேல்பலகையைத் தாங்க நீளவாக்கில் இரண்டு சட்டங்கள். வட்டத் துளை மாண்டலின் தனியாகக் கேட்க இனிமை. ஒலி பரவி, கொஞ்ச நேரம் நிற்கும். எஃப் துளைக்கு அந்த இனிமை குறைவு. ஆனால் மீட்டிய நொடியில் 'சுருக்'கென்று முன்னால் பாய்ந்து, உடனே அடங்கும். சாப்புக்குத் தேவை அதுதான். கழுத்தும் பழைய மாதிரிகளைவிட நீளம். 12க்குப் பதிலாக 15ஆம் ஃப்ரெட்டில் உடலோடு சேரும். குதிரையும் உடலின் நடுப்பகுதிக்கு வந்துவிடும், மேல் ஃப்ரெட்டுகளும் விரலுக்கு எட்டும்.

இன்று இந்த பாணிக்குப் பெரும்பாலும் போடும் தந்திகள் அங்குலத்தில் .011, .015, .026, .040. எட்டும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுவிசை. மெல்லிய தந்தி போட்டால் கை வலி குறையும், சாப் தகரம் போல ஒலிக்கும். பிக் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்க வேண்டும். வளைகிற பிக் சாப்பில் தாமதிக்கும். குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பிருடையை முறுக்க முறுக்கக் குதிரையின் தலை கழுத்துப் பக்கம் சாயும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் மடங்கி விழுந்து மேல்பலகையைக் கீறும். தந்தி மாற்றும்போது எட்டையும் ஒன்றாகக் கழற்றினால் குதிரை இடம் நகர்ந்துவிடும், எனவே ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். இடம் சரியா என்று பார்க்க, 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டிய ஒலியையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டிய ஒலியையும் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் குதிரையைக் கழுத்திலிருந்து தள்ளி நகர்த்த வேண்டும், இறங்கியிருந்தால் நெருக்கமாக. எஃப்-5இன் விரற்பலகை உடலின் மேல் நீண்டு முடியும் நுனி வேறொரு தொல்லை. பிக் அதில் இடித்து 'டிக் டிக்' என்று கேட்கும். அந்தப் பகுதியின் ஃப்ரெட்டுகளை எடுத்துவிட்டுச் செதுக்கிக் குழிவாக்கிவிடுபவர்கள் நிறையப் பேர்.

மன்ரோ தன் வாத்தியத்தை மென்மையாக நடத்தியவர் அல்ல. 1950களின் தொடக்கத்தில் பழுதுபார்க்கத் தொழிற்சாலைக்கு அனுப்பினார். திரும்பி வந்த விதம் பிடிக்காமல், தலைப்பகுதியில் முத்துச்சிப்பியில் பதித்திருந்த 'தி கிப்ஸன்' என்ற பெயரில் 'கிப்ஸன்' மட்டும் போகும்படி பேனாக்கத்தியால் தோண்டிவிட்டார். 'தி' மட்டும் மிஞ்சியது. பல ஆண்டுகள் அந்த வெட்டோடுதான் மேடையேறினார். 1980இல்தான் சமாதானமாகி, நிறுவனம் அதைச் சரிசெய்து கொடுத்தது. 1985 நவம்பரில் யாரோ வீடு புகுந்து கணப்புக் கம்பியால் அடித்து நொறுக்கினார்கள். கிப்ஸனில் வேலை பார்த்த சார்லி டெரிங்டன் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒட்டி, 1986 பிப்ரவரியில் கொடுத்தார். இன்று அது நாஷ்வில்லின் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஃபிளாட்டும் ஸ்கரக்ஸும் 1948இல் விலகித் தனிக்குழு அமைத்தார்கள். அதே சமயத்தில் வர்ஜீனியாவின் ஸ்டான்லி பிரதர்ஸ், மன்ரோ பதிவு செய்து இன்னும் வெளிவராத 'மாலி அண்ட் டென்புரூக்ஸ்' பாடலை மேடையிலும் வானொலியிலும் கேட்டு, அதே அமைப்பில் பதிவு செய்து முந்திக்கொண்டார்கள். மன்ரோவுக்குக் கோபம். தன் பாணியைத் திருடிவிட்டார்கள் என்று அவர் நினைத்த கணமும், அது ஓர் இசை வகையாக மாறிய கணமும் ஒன்றே. ஸ்டான்லி சகோதரர்களைக் கொலம்பியா எடுத்துக்கொண்டதும் மன்ரோ டெக்கா நிறுவனத்துக்கு மாறினார். 1950இல் மாமனைப் பற்றிய 'அங்கிள் பென்' அங்கேதான் பதிவானது.

1954இல் எல்விஸ் பிரெஸ்லி முதல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி'யை வால்ட்ஸிலிருந்து துள்ளல் தாளத்துக்கு மாற்றிப் பாடினார். சில வாரங்களில் மன்ரோவும் அதைப் புதிதாகப் பதிவு செய்தார், பாதி வால்ட்ஸ், பாதி வேகம். ராக் அண்ட் ரோல் வந்த பிறகு கச்சேரிக் கூட்டம் மெலிந்தது. 1963இல் ரால்ஃப் ரின்ஸ்லர் என்ற நாட்டார் இசை ஆர்வலர் மேலாளரானார். இந்த இசைக்கு மூலவர் மன்ரோதான் என்று அவர் பத்திரிகையில் எழுதி, வடக்கே கல்லூரிகளுக்கு அழைத்துப் போனார். 1965இல் கார்ல்டன் ஹேனி வர்ஜீனியாவின் ஃபின்கேஸலில் பல நாள் புளூகிராஸ் திருவிழாவை நடத்தினார். 1967இல் மன்ரோ தனக்குச் சொந்தமான இண்டியானாவின் பீன் பிளாஸம் திடலில் தானே ஒன்றைத் தொடங்கினார். 1970இல் கன்ட்ரி இசையின் புகழ் அரங்கம், 1989இல் புளூகிராஸுக்கான முதல் கிராமி. விருதுகளின் பட்டியல் நீளம், அதை விட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டியது அவர் குழுவை நடத்திய விதம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதில் வந்து போனார்கள். 1963இல் பாஞ்சோவுக்கு வந்த பில் கீத் சுரம் சுரமாகப் பிடில் மெட்டை வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தார். டெல் மெக்கூரி, பீட்டர் ரோவன், நீண்ட காலம் பிடில் வாசித்த கென்னி பேக்கர் என்று எல்லாரும் இங்கே தேறியவர்கள். வந்தவர்களின் புதுமையைத் தடுக்காமல் ஏற்றுக்கொண்டு, அடித்தாளத்தை மட்டும் தன் சாப்பால் பிடித்து நிறுத்தினார். குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தும் ஒலி கலையாததற்கு இதுவே காரணம்.

வாத்தியத்தில் அவர் தேடியதும் நிற்கவில்லை. 1953இல் பதிவான 'கெட் அப் ஜான்' உருப்படிக்கு ஜோடிகளையே பிரித்தார். ஜி ஜோடியில் ஒரு தந்தி எஃப் ஷார்ப், மற்றது ஏ. இ ஜோடியில் ஒன்று ஏ, ஒன்று டி. நடு ஜோடிகள் இரண்டும் மாறவில்லை. வெறுமனே மீட்டினாலே டி கார்ட் ஒலிக்கும், ஒரே விரலில் இரண்டு சுரம் கேட்கும். மாமனின் பிடிலில் சுருதி மாற்றி வாசித்த பழைய மெட்டுதான் இதன் மூலம். இதை முயல்பவர்கள் இறக்க வேண்டியதை முதலில் இறக்கிவிட்டு, ஏற்ற வேண்டிய ஒரே தந்தியை, அதாவது ஜியிலிருந்து ஏவுக்குப் போவதை, கடைசியில் மெதுவாக ஏற்றுவது நல்லது. வழக்கமான சுருதிக்குத் திரும்பிய பிறகு தந்திகள் நிலைக்க நேரம் ஆகும். ஆகவே கச்சேரியில் இதற்கென்று தனி மாண்டலின் வைத்துக்கொள்வது வழக்கம். 1981இல் வந்த 'மை லாஸ்ட் டேஸ் ஆன் எர்த்' உருப்படிக்கும் சுருதி மாற்றியே வாசித்தார். 1996 செப்டம்பர் 9 அன்று, 85ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் இறந்தார். ரோசினில் அடக்கம்.

மாண்டலினில் அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பின்பற்றவில்லை. ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ் பாஞ்சோவின் உருளும் சுரங்களை ஒற்றை பிக்கால் மூன்று தந்திகளில் வாசிக்கும் முறையை உண்டாக்கினார். பாபி ஆஸ்போர்ன் பிடில் மெட்டைச் சுத்தமாக, சுரம் பிசகாமல் வாசித்தார். மன்ரோவின் கரடுமுரடை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் ஃபிராங்க் வேக்ஃபீல்டும் மைக் காம்ப்டனும். காம்ப்டனின் வலது கையைப் பார்த்தால் கீழ்மீட்டுக் கணக்கு கண்ணுக்கே தெரியும்.

மன்ரோ உருப்படிகளின் எழுத்துக் குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பல ஃப்ரெட் எண்ணை மட்டும் தரும், மீட்டின் திசையைத் தராது. எண்களைப் பார்த்து மாற்றி மாற்றி மீட்டினால் எல்லாச் சுரமும் சரியாக இருந்தும் உருப்படி சப்பென்று இருக்கும். பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, கனமாக விழும் ஒவ்வொரு சுரத்துக்கும் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ள வேண்டும். 'புளூ கிராஸ் ஸ்டாம்ப்' போன்ற நடுத்தர வேக உருப்படியில் தொடங்கினால், அம்புகள் வரிசையாக ஒரே திசையில் விழுவதை முதல் எட்டுத் தாளக்கட்டுக்குள் பார்த்துவிடலாம்.